சலேத்மேரி மேலே போன திருநாள்

நாயுடுபுரத்துச் சலேத்மேரியை யாராவது பாராட்டினால் அவள் தரையைவிட்டு எழும்புவாள். ஒரு நல்ல வார்த்தைக்கு ஒரு சாண் என்பார்கள். ஒன்றரைச் சாண் என்று சொல்பவர்களும் உண்டு, சரியாகத் தெரியவில்லை. சின்ன வயதில் ஜெபத்தைப் பிசகாமல் சொன்னாள் என்று சிஸ்டர் மெச்சியபோது அவள் உச்சந்தலை டியூப்லைட்டில் இடித்தது. "எறங்குடி எருமை, ஒனக்கு அங்கன என்ன சோலி?" என்று அம்மா திட்டியதும் இறங்கிவிட்டாள். திட்டினால் இறங்கிவிடுவாள் என்று தெரிந்துபோனதால் யாரும் டாக்டரிடம் போகவில்லை.

அதிலிருந்து எந்த நல்ல காரியத்தையும் யார் கண்ணிலும் படாமல் செய்யப் பழகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது பின்வரிசையிலிருந்து நழுவி வெளியே வருவாள். கோயில் படியில் ஊரே கழற்றிப்போட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து, ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைப்பாள். மழையென்றால் கூரைக்கடியில் நகர்த்தித் துடைத்தும் வைப்பாள். பூசை முடிந்து வருகிறவர்கள் குனியாமல் காலை நுழைத்துக்கொண்டு போவார்கள். பல வருடங்களாக இது மலைக்காற்றின் வேலை என்றே ஊர் நம்பியது. பங்குப் பேரவைச் செயலாளர் அமல்ராஜ் மட்டும் தன் ஜெபத்தின் பலன் என்று நம்பினார்.

போன வருடம் ஒரு ஜோடி ஷூ காணாமல் போகவே கேமரா வைத்தார்கள். திருடன் அகப்படவில்லை, சலேத்மேரி அகப்பட்டாள். மாதா விண்ணேற்புத் திருநாளில் அவளுக்குப் பொன்னாடை என்று அமல்ராஜ் முடிவுசெய்து ஃப்ளெக்ஸும் அடித்துவிட்டார். அதைக் கட்டிய காலையில் அவளுக்குத் தோசைக்கல் எட்டவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள்.

"வேணாங்கய்யா. மேல போறது மாதாவோட சோலி. நான் போனா எறங்கத் தெரியாதுங்க."

"இந்த அடக்கம் யாருக்கு வரும்?" என்று அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்னொரு சாண் ஆயிற்று.

கிளாவரையிலிருந்து பூண்டு கொண்டுவந்து விற்கும் அவள் தோழி வடிவு, திருநாளன்று ஒரு பூண்டு மூட்டையை அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். "மிஞ்சிப்போனா வாசம்தான் அடிக்கும், போ" என்றாள். செருப்பைப் படியில் விட்டுவிட்டு ஊரே கொடிமரத்தடியில் வெறுங்காலோடு கூடியிருந்தது. அமல்ராஜ் மைக்கில் பேசப் பேச சலேத்மேரி மூட்டையோடு எழும்பினாள். கை தட்டினார்கள், கொடிமரத்தைத் தாண்டினாள். அதற்கு மேல் மூடுபனி. உள்ளே போய்விட்டால் எங்கே என்று தேடுவது? "கூறுகெட்டவளே, எம் மூட்டையக் குடுத்துட்டுப் போடி" என்று வடிவு கீழிருந்து திட்டியது மைக்குக்கு முன் எடுபடவில்லை. சலேத்மேரிக்கும் பயம்தான். ஆனால் குனிந்து பார்த்தபோது படி நிறையச் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மழை கொட்டியது. பொன்னாடையை மறந்து எல்லாரும் படிக்கு ஓடினார்கள். ஒரு காலுக்குக் கிடைத்தது மறுகாலுக்குக் கிடைக்கவில்லை. முட்டிக்கொண்டார்கள், வழுக்கினார்கள். அமல்ராஜ் யாருடையதோ ஒரு ரோஸ் நிறச் செருப்புக்குள் மாட்டிக்கொண்டு நின்றார்.

"எந்தச் செருப்பு எங்க கெடக்குன்னே தெரியல. இந்தப் பொம்பள எங்க போய்த் தொலைஞ்சா?"

"சோலியப் பாக்காம ஆகாசத்துல என்ன வேடிக்கை?"

"வெரசா வந்து தொலையச் சொல்லுங்க."

மூடுபனியின் விளிம்பிலிருந்து சலேத்மேரி ஒவ்வொரு சாணாக இறங்கினாள். கால் படியில் பட்டதும் மூட்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து ஜோடி சேர்க்க ஆரம்பித்தாள்.

ஊர் பாடம் கற்றுக்கொண்டது. இப்போதெல்லாம் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள், "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவளிடம் அன்பாகச் சலித்துக்கொண்டு போகிறார்கள். அறிவிப்பு நேரத்தில் அமல்ராஜ், "இந்த வாரமும் யாருக்கும் நன்றி சொல்வதற்கில்லை" என்று வாசிக்கிறார்.

போன ஞாயிறு பிரசங்கத்தில் அவள் நழுவி வெளியே வந்தபோது செருப்புகள் எல்லாம் ஏற்கெனவே ரோட்டைப் பார்த்து நின்றன. அவளுடையதும்தான். தூணருகே அமல்ராஜ் வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். நெகிழ்ந்துபோய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள்ளாகவே அவர் குதிகால் தரையைவிட்டு விலகுவதைக் கண்டாள். கனத்த மனிதர், கூரையோ பழைய ஓடு.

"கோணலா இருக்குங்கய்யா. கண்ணு தெரியலியா?" என்றாள்.

அமல்ராஜ் தரைக்கு வந்தார்.