புரை ஏறாத தண்ணீர்

வீட்டில் எனக்குப் பட்டாசு என்று பெயர். திரி கூட வேண்டாம், தானாகவே வெடிக்கும் என்பான் அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவளுக்கு வாய் இல்லாமல் எப்படி? அப்படிப்பட்ட நான், அண்ணிக்கு விருது கொடுக்கிற அன்றைக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த அரங்கத்துக்குப் போனேன்.

அண்ணிக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். விருது செய்தி வந்தபோது, "தண்ணி குடிக்கக் கத்துக்குடுக்கிறதுக்கெல்லாம் விருதா?" என்று கேட்டுத் தொலைத்தேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். நாத்தனாருக்கு வயிற்றெரிச்சல் என்று உறவு முழுக்கப் பரவிவிட்டது. அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் அவள் செய்வது உண்மையில் அதுதான். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் மட்டுமல்ல, தொண்டையும் மரத்துப்போகும். நமக்குத் தண்ணீர் வழி தவறினால் புரை ஏறும், இருமுவோம், யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிக்கொள்வோம். அவர்களுக்குப் புரை ஏறவே ஏறாது. தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலில் இறங்கும். பிறகு காய்ச்சல், நிமோனியா, சில சமயம் ஆளே இருக்கமாட்டார். அதனால் தண்ணீரில் மாவு கலந்து, கூழாக்கித்தான் கொடுப்பார்கள். பல்கலைக்கழக மருத்துவமனையில் அண்ணி அவர்களுடைய தொண்டைக்குப் பயிற்சி கொடுத்து, மறுபடி வெறும் தண்ணீர் குடிக்க வைத்தாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வு விருது டாக்டர் அல்லாத ஒருவருக்குக் கிடைப்பது அதுதான் முதல் தடவை.

அவள் தேற்றியவர்களில் ஒருவர் என் அப்பா. மார்க்கெட்டில் ஏலம் விட்டவர். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். பக்கவாதம் அதை அமுக்கியது, அண்ணி மீட்டுக் கொடுத்தாள். இதைக் கேட்டதும் துணைவேந்தருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. மேடையில் அப்பா ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஏலக் குரலில் விருதை அறிவிக்க வேண்டும். "மாமாவ வேடிக்கை காட்ட வேண்டாம்" என்று அண்ணி தயங்கினாள். அப்பாதான் ஒற்றைக் காலில் நின்றார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். நான் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அப்பா டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை வாஷ்பேசினில் சத்தம் வராமல் கொட்டுவது கண்ணாடியில் தெரிந்தது.

"ஏம்ப்பா கொட்டுறீங்க?"

"தாகம் இல்ல."

இரண்டே வார்த்தை. அதற்குள் தொண்டையில் களகளவென்று ஏதோ உருண்டது. தண்ணீர் குடித்த பிறகு குரல் ஈரமாகக் கேட்டால், அது தப்பான வாசலில் நிற்கிறது என்று அண்ணி எங்கள் எல்லாருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"எத்தன நாளா இப்படி?"

"போன மாசம் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுலேர்ந்து. அவ இல்லாதப்ப மாவு கலந்துதான் குடிக்கிறேன்."

"அண்ணிகிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? மூணு வருஷமா ஒழைச்சிருக்கா. என் தொண்டையால அது நாசமாப் போகணுமா? ஒரு டம்ளர்தானே, செத்தா போயிடுவேன்?"

"போயிடலாம்ப்பா."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். ஏலத்தில் யாரிடம் எந்த விலைக்கு மேல் பேச்சு எழாது என்று தெரிந்தவர் அவர். "நீ இப்ப வாயத் திறந்தா, நாத்தனா புத்தியக் காட்டிட்டான்னுதான் சொல்லுவாங்க. யோசிச்சுக்க."

சரியான இடத்தில் அடித்தார். அதற்குள் அடையாள அட்டை மாட்டிய இரண்டு பேர் வந்து அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்விட்டார்கள்.

அண்ணியைத் தேடி ஓடினேன். அவள் ஏற்கெனவே மேடையில், துணைவேந்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் அண்ணன் கேமராவோடு இருந்தான்.

"அண்ணா, அப்பா தண்ணி குடிக்கக் கூடாது. நுரையீரலுக்குப் போகுது."

அவன் திரும்பக்கூட இல்லை. "ஆரம்பிச்சிட்டியா? இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இரு."

உட்கார்ந்தேன். மேடையில் யாரோ அண்ணியின் ஆய்வைப் பற்றிப் புகழ்ந்து படித்தார்கள். ஒரு சொல் கூடக் காதில் ஏறவில்லை. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் முழித்தால் நான் மிதித்துவிடுவேன். இப்போது என் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. பேசினால் பொறாமைக்காரி. பேசாவிட்டால் அப்பா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் யோசித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

தட்டில் டம்ளர் வந்தது. அப்பா எழுந்து நின்று அதை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார். முதல் வாய் குடித்தார். அரங்கமே கைதட்டியது. இரண்டாவது வாய்க்கு டம்ளர் உயர்ந்தபோது நான் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன்.

பிடுங்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் துணைவேந்தரின் ஷூவில் கொட்டியது. கைதட்டல் அறுந்தது. அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "என்ன பண்ற நீ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

"அண்ணி, அப்பாவ ஒரு தடவ ஆ சொல்லச் சொல்லுங்க."

அப்பா முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. இவ பொறாமைல பண்றா."

பெற்ற அப்பா, இருநூறு பேர் முன்னால், மைக்கில் சொன்னார். யாரோ அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அதைச் சொன்ன குரலே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பொறாமை என்ற சொல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஸ்பீக்கரில் குழறியது. கூட்டத்துக்குப் புரியவில்லை. அண்ணியின் கோபம் மட்டும் முகத்திலிருந்து அப்படியே வடிந்துபோனது.

துணைவேந்தர் சிரித்துச் சமாளித்தார். "குடும்ப விஷயம், பரவாயில்ல. விருதைக் குடுத்துடலாம், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்று கேடயத்தை நீட்டினார்.

அண்ணி அந்தக் கேடயத்தைப் பார்த்தாள். அதைப் பார்த்த பார்வையில் மூன்று வருடமும் இருந்தது. அவள் என்ன செய்வாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் அப்பாவின் முதுகில் கை வைத்தாள். "மாமா, முன்னால குனிஞ்சு நல்லா இருமுங்க. இன்னும் பலமா." பிறகு மைக்கை எடுத்தாள். "இவர் இன்னும் குணமாகல. பயிற்சி முடிஞ்சப்ப ஒரு தடவ பாத்துட்டு, குணமாயிடுச்சுன்னு எழுதிட்டேன். அப்புறம் பாக்கல. இதே மாதிரி வேற யாருக்கு ஆகியிருக்குன்னு எனக்குத் தெரியாது. எல்லாரையும் திரும்பப் பாக்கணும். அதுவரைக்கும் இது எனக்கு வேண்டாம், சார்."

யாரும் கைதட்டவில்லை. மருத்துவமனைக்கு நான்தான் கார் ஓட்டினேன். பின்சீட்டில் அப்பா அழுதார். "கெடுத்துட்டேனேம்மா."

"ஆமா, கெடுத்துட்டீங்க" என்றாள் அண்ணி. "தொண்டையால இல்ல, பொய்யால." அப்படி ஒரு கோபத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை. பட்டாசு என்ற பெயரை அவளுக்கே எழுதி வைத்திருக்கலாம். ஆனால் எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, "மாமா சொன்னது உனக்கு வலிச்சிருக்கும்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். எதற்கும் பதில் வைத்திருக்கும் எனக்கு, அதற்குப் பதிலாக அழுகைதான் வந்தது.

அப்பாவுக்கு நிமோனியா வந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டார். பழைய நோயாளிகளை அண்ணி ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சோதித்தாள். இன்னும் சிலருக்கும் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, தெரிந்தது. மறு வருடம் விருது இதய மருத்துவர் ஒருவருக்குப் போயிற்று. அண்ணி அந்த விழாவுக்குப் போய்க் கைதட்டிவிட்டு வந்தாள்.

அப்பாவுக்குப் பயிற்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தோம். அண்ணி ஸ்பூனில் வெறும் தண்ணீர் கொடுத்தாள். அப்பா விழுங்கினார். அடுத்த நொடி முகம் சிவந்து, கண்ணில் நீர் தெறிக்க, வீடே அதிரும்படி இருமினார். இருமல் நிற்கவே இல்லை. அண்ணன் பதறிப்போய்க் கார் சாவியை எடுத்தான்.

அண்ணி நாற்காலியை விட்டு எழவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். மரத்த தொண்டைக்கு உணர்வு திரும்பினால்தான் இருமல் வரும் என்பது அண்ணனைத் தவிர எங்கள் எல்லாருக்கும் தெரியும். நானும் கைதட்டினேன். பிறகு எழுந்து போய் அப்பாவின் தலையில் தட்டினேன்.

"யாரோ நெனைக்கிறாங்கப்பா."

அவர் மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னைய நெனைக்கிறதுக்கு வெளிய யாரு இருக்கா? ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க" என்றார், மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலில்.