ஜெனரலம்மா

லண்டனில் ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் ஐந்து போலந்துக்காரர்கள் வெள்ளிக் கரண்டி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மூவர் கர்னல்கள், ஒருவர் மேஜர். ஓரத்தில் இருந்தவர் ஜெனரல் கஸ்பர் ஒலென்ட்ஸ்கி. ஒரு காலத்தில் பதினைந்தாயிரம் பேரை நகர்த்தியவர், இப்போது முள்கரண்டியின் பல்லிடுக்கில் துணியை நகர்த்திக்கொண்டிருந்தார். போரில் ஜெயித்தவர்கள் பக்கம்தான் நின்றார். ஜெயித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நாடு வேறு ஆட்களின் கையில் இருந்தது. அவர்கள் இவருடைய குடியுரிமையையும் பறித்துக்கொண்டார்கள்.

அதையெல்லாம்கூட விழுங்கிக்கொண்டார். விழுங்க முடியாதது செலினாவின் இருமல். அவர் மனைவி செலினா போலந்தில், கிராகூவ் நகரில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஜெனரலின் பெண்டாட்டி என்று தெரிந்தால் சிறைதான். அதனால் தாய்வீட்டுக் குடும்பப் பெயரில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், தையல்காரியாகக் காலம் தள்ளினாள். காசம் முற்றிவிட்டது, புதிதாக வந்திருக்கும் ஊசிமருந்து கிடைத்தால் பிழைப்பாள் என்று அவள் தங்கை இரெனா எழுதியிருந்தாள்.

கைக்கடிகாரத்தை விற்று மருந்தை வாங்கிவிட்டார். தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்கள். கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டுமே.

அந்த வாரம்தான் வாலென்டி விடைபெற வந்தான். போருக்கு முன்பிருந்தே அவருக்கு வண்டி ஓட்டிய கார்ப்பரல். ஊரில் மனைவியும் கொஞ்சம் உருளைக்கிழங்கு நிலமும் காத்திருந்ததால், திரும்பிப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்திருந்தான். வாசலிலேயே குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

"கைய இறக்குப்பா வாலென்டி. நீ சல்யூட் அடிச்சா கரண்டியெல்லாம் கூச்சப்படுது" என்றார் கர்னல் ராட்வான்.

ஜெனரல் அவனைத் தனியே அழைத்துப்போய்ப் பொட்டலத்தைக் கொடுத்தார். எவரிடமும் உதவி கேட்டுப் பழகாத மனிதர். கேட்கத் தெரியாமல் உத்தரவாகவே போட்டுவிட்டார்.

"இத அம்மா கையில குடுக்கணும். அவங்களுக்கு இப்ப வேற பேரு. 'தையலுக்குத் துணி கொண்டாந்தேன்'னு மட்டும் சொல்லு. என் பேச்சே எடுக்கக் கூடாது. புரியுதா?"

"உத்தரவுங்க ஐயா. உசிரக் குடுத்தாவது சேத்துடறேன்."

"உசிரெல்லாம் வேணாம். வாய மூடிக்கிட்டுப் போயிட்டு வா, போதும்."

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. உறையின் மேலேயே 'மாண்புமிகு ஜெனரல் ஒலென்ட்ஸ்கி அவர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். பார்த்ததுமே கரண்டியைப் போட்டுவிட்டு உறையைக் கிழித்தார்.

"ஐயா, மருந்து சேந்துடுச்சு. தையல் துணின்னுதான் கீழ காவல்காரன்கிட்ட சொன்னேன். மேல போனா அம்மா கதவத் தொறந்தாங்க. வெரலெல்லாம் ஊசி குத்துன காயம். கால்ல ஆம்பள பூட்ஸ். பக்கத்து வீட்டுக்காரி 'ஏ செலினா, தண்ணி புடிச்சியா'ன்னு வேலைக்காரியக் கூப்பிடற மாதிரி கூப்பிடறா. எனக்குப் பொறுக்கல ஐயா. அங்கயே வெறப்பா நின்னு, குனிஞ்சு கையில முத்தம் குடுத்து, 'வணக்கம் ஜெனரலம்மா'ன்னு மூணு மாடிக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். அந்தப் பொம்பள வாயடைச்சுப் போயிட்டா. காவல்காரன்கூட ஏறி வந்து எட்டிப் பாத்தான். அம்மா மொகம் வெளுத்துப் போச்சு, சந்தோசம் தாங்கலபோல. ஐயா மரியாதையக் காப்பாத்திட்டேன்."

போலந்துக்காரர்களுக்கு டாக்டரின் மனைவி டாக்டரம்மா, ஜெனரலின் மனைவி ஜெனரலம்மா. வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கன்னத்தில் அறைவது மாதிரி. அதை வாலென்டியின் மண்டையில் ஏற்றியவரே இந்த ஜெனரல்தான். ஒருமுறை வாய் தவறி 'செலினா அம்மா' என்றதற்கு அவனை மூன்று நாள் உள்ளே தள்ளியிருக்கிறார். கட்டடக் காவல்காரர்களோ யார் வந்தார், என்ன பேசினார் என்று போலீசுக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள். கடிதத்தில் இருந்த தேதி மூன்று வாரம் பழையது.

"ஒரு தந்தி அடிச்சுப் பாக்கலாமா?" என்று ராட்வானிடம் கேட்டார்.

"லண்டன்லேருந்தா? நாமளே அவங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமே ஐயா."

"அப்ப வேற என்னதான் பண்றது, சொல்லுங்க."

ஜெனரல் தன்னிடம் யோசனை கேட்டு ராட்வான் பார்த்ததில்லை. "ஒண்ணும் பண்ண முடியாதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் இரெனாவின் அஞ்சலட்டை வந்தது. 'செலினா வீட்டில் இல்லை. எங்கே என்று சொல்ல மறுக்கிறார்கள். மருந்து அனுப்ப வேண்டாம். கடிதமும் வேண்டாம்.'

ஜெனரல் அட்டையைக் கீழே வைத்தார். காகிதம் எடுத்து, 'வாலென்டி, முட்டாளே' என்று ஆரம்பித்தார். பேனா அங்கேயே நின்றுவிட்டது. இந்தக் காகிதம் அவன் வீட்டுக்குப் போனால், பின்னாலேயே அவனைக் கொண்டுபோகவும் ஆள் வரும். மனதாரத் திட்டி ஒரு வரி எழுதக்கூட வழியில்லை. அவனோ ஐயாவிடமிருந்து பாராட்டு வரும் என்று தினமும் தபால்காரனுக்காகக் காத்துக்கொண்டிருப்பான்.