பெண் பிரம்பின் பழம்

பார்கவிக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். அன்றைக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. ஆடி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காலையில், காரையாறு அணைக்கு மேலே இரண்டு மணி நேரம் அட்டைக்கடி பட்டு ஏறி வந்து, அவள் பார்த்துக்கொண்டு நின்றது வெறும் அடிக்கட்டைகளை. பதினோரு கொடிகள் நின்ற பிரம்புத் தூர் அது. பதினொன்றையும் தரையோடு வெட்டிக் கொண்டுபோயிருந்தார்கள்.

போனவர்கள் மரியாதையாகப் போயிருந்தார்கள். அடிக்கட்டைகளுக்கு முன்னால் தேங்காய் உடைத்திருந்தது. கற்பூரம் எரிந்த கரி, வாழைப்பழத் தோல், நாலைந்து ஊதுபத்திக் குச்சி. அதைப் பார்த்துவிட்டு அவள் கூட வந்த வாட்சரிடம் திரும்பினாள்.

"தேவேந்திரன், நீங்க காவலுக்குத்தானே இருந்தீங்க? என்ன கிழிச்சீங்க?"

தேவேந்திரன் காட்டிலாகாவில் பதினைந்து வருஷமாகத் தற்காலிக வாட்சர். பார்கவியைவிட இருபது வயது மூத்தவர். யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அய்யனார் கோயில்கிட்ட அமாவாசைக் கூட்டத்துக்கு டூட்டி போட்டுட்டாங்கம்மா. மூணு நாளா லட்சம் சனம். நா அங்கன நிக்கேன், இவங்க இங்கன ஏறிட்டாங்க. எனக்கே நேத்துச் சாயந்திரந்தான் தெரியும்."

பார்கவி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. நாலு வருஷமாக இந்த மலையில் பிரம்பைத் தேடி அலைகிறாள். முதல் வருஷமே ஒன்று அகப்பட்டது. இந்தப் பக்கத்துப் பிரம்புகளில் வழக்கமாக இலையுறையிலிருந்து கொக்கி முள்ளோடு ஒரு சாட்டை கிளம்பி, பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். இதில் உறையில் சாட்டையே இல்லை. இலையின் நுனிதான் ஒன்றரை மீட்டர் சாட்டையாக நீண்டிருந்தது. உறை முழுக்கச் சாய்ந்த வரிசை வரிசையாக முள், அடியில் காப்பிப்பொடி நிறத்தில் ரோமம். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு பிரம்பு இல்லை. புது இனம் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது.

ஆனால் பிரம்பில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. அவள் கண்ணில் பட்டதெல்லாம் ஆண். அந்த வர்ணனையை ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியபோது, பழம் எங்கே என்று ஒரே வரியில் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷம் தேடி, போன தையில்தான் இந்த ஒரே பெண் தூர் அகப்பட்டது. பூத்து, காய் பிடித்து, ஆடிக் கடைசியில் பழுக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். செப்டம்பரோடு அவளுக்கு உதவித்தொகை நின்றுபோகும். அதற்குப் பிறகு ஆராய்ச்சியும் இல்லை, காட்டுக்குள் போக அனுமதிச் சீட்டும் இல்லை. இந்தப் பழம் கைக்கு வந்தால் வந்தது. வராவிட்டால் நாலு வருஷமும் போச்சு.

அதனால்தான் காவல் வேண்டியிருந்தது. யோசனை தேவேந்திரனுடையது. "நம்ம போர்டு வச்சா பிடுங்கி அடுப்பெரிச்சிருவானுவ. சாமி பேரச் சொல்லிட்டா ஒரு பய தொடமாட்டான்" என்று அவர் சொன்னபோது பார்கவி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுவாரமே அம்பாசமுத்திரத்தில் சிவப்புப் பட்டுத்துணி நாலு முழம் வாங்கினாள். அவளே தூரைச் சுற்றிக் கட்டினாள், அவளே மூன்று கல்லை நட்டுச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். கல்லூரியில் போய், 'அய்யனாரை வாட்ச்மேனாப் போட்டுட்டு வந்திருக்கேன்' என்று பெருமையடித்தாள். அவளுடைய பேராசிரியர் வேதநாயகம்கூடச் சிரித்தார்.

"தொடமாட்டான்னீங்களே!"

"தொடமாட்டான்னுதாம்மா நெனச்சேன். சாமியாடுதவங்களுக்குக் கையில பிரம்பு வேணும்லா, அது நம்ம புத்தியில தட்டல. சாமியே துணி கட்டி, இதுதான் எம் பிரம்புன்னு காட்டிக் குடுத்துருக்குன்னு பேச்சாயிப் போச்சு. அதுக்கப்புறம் யாரு கேப்பா? விக்கிரமசிங்கபுரத்து இசக்கியம்மாவுக்குத்தான் மொதல்ல சாமி வந்துச்சு. அவதான் கொத்துப் பழத்தோட நடுக்கொடிய வெட்டுனா."

பார்கவி வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். மூடர்கள் என்றாள், காட்டுமிராண்டிகள் என்றாள். தேவேந்திரன், வெட்டினவர்கள் உரித்துப் போட்டிருந்த முள்ளுறைகளையும் இலைகளையும் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார். உறை கிடைத்தது, இலைச் சாட்டை கிடைத்தது. பழம் ஒன்றுகூட இல்லை. அவள் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

விக்கிரமசிங்கபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மத்தியான ஷிப்டுக்கு மில் சங்கு ஊதியது. சைக்கிள்கள் சாரை சாரையாகப் போயின. வரிசை வீடுகளில் நாலாவது, இசக்கியம்மாவுடையது. புருஷன் மில்லில், இவள் வீட்டில் பீடி சுற்றுகிறாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கதவைத் திறந்தபோது அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது.

"வாங்கம்மா. யாரு நீங்க? பீடிக் கம்பெனியா? இந்த வாரம் சுத்த முடியாது, கையெல்லாம் முள்ளு" என்றாள்.

"அந்த முள்ளு விஷயமாத்தான் வந்திருக்கேன்" என்று பார்கவி உள்ளே போனாள்.

சாமி படத்துக்கு அடியில் பிரம்பு சாத்தியிருந்தது. நாலடி நீளம். உறையை உரித்து, எண்ணெய் தடவி, குங்குமம் இட்டு மினுமினுவென்று வைத்திருந்தார்கள். நாலு வருஷம் அவள் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்த செடி, இப்போது ஒரு கழி.

"பழம் எங்கே?"

"எந்தப் பழம்?"

"இதுல கொத்தா இருந்ததே, செதில் செதிலா, ஓணான் தோலு மாதிரி. அது எங்கே?"

"அதுவா? அது சாமி பழம்லா. கோயில்ல நாங்க தங்குன குடில்ல இருந்த அம்புட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். புளிப்பா நல்லாருந்துச்சு." இசக்கியம்மா முகம் மலர்ந்து சொன்னாள். பிறகு பார்கவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, மாடத்தில் இருந்த திருநீற்றுச் செப்பைக் காட்டினாள். "மூணு எடுத்து வச்சிருக்கேன். எம் மக கலைச்செல்விக்கு. ரெண்டு தடவ தங்காமப் போச்சு. இப்ப ஆறு மாசம். வெள்ளிக்கு ஒண்ணா, மூணு வெள்ளி சாப்பிடச் சொல்லி சாமி உத்தரவு."

மூன்று பழம் இருக்கிறது! பார்கவிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒன்று போதும். செதில் எத்தனை வரிசை, விதையின் உள்ளே பருப்பு எப்படி, எல்லாம் ஒரே பழத்தில் பார்த்துவிடலாம். இதை நல்லபடியாகக் கேட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தவளுக்கு நல்லபடியாக வார்த்தை வரவில்லை.

"எனக்கு அது வேணும். எடுங்க."

"தரமாட்டேன்."

"காட்டுல வெட்டினது குத்தம். தெரியுமா? ஒரு வார்த்தை சொன்னேன்னா கேஸ் போட்டு உள்ளே வச்சிடுவாங்க."

"சொல்லுங்க. உள்ள போறேன்." இசக்கியம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. பற்றுப் போட்ட கையை நீட்டிக்கொண்டு எழுந்தாள். "எம் மக வயித்துல உள்ளதுக்குச் சாமி குடுத்தது அது. அதக் கேக்கதுக்கு நீங்க யாரு? உங்களுக்கும் அந்தப் பிரம்புக்கும் என்ன சம்பந்தம்?"

"என்ன சம்பந்தமா?" பார்கவி கத்தினாள். "அந்தச் சிவப்புத் துணியைக் கட்டினதே நான்தான்! கல்லை நட்டதும் நான்தான், சந்தனம் வச்சதும் நான்தான்!"

போட்டு உடைத்துவிட்ட திருப்தியோடு அவள் நிமிர்ந்தாள். அசடு வழியப்போகிற முகத்தைப் பார்க்க ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் இசக்கியம்மாவின் முகம் வேறு மாதிரி மாறியது. வாய் திறந்தபடி நின்றது. அவள் மெதுவாக இரண்டு கையையும் கூப்பினாள்.

"நீங்களா? அப்ப உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுச்சா சாமி?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். பார்கவி அவளைப் பார்த்தாள், மாடத்துச் செப்பைப் பார்த்தாள். செப்டம்பர் நினைவுக்கு வந்தது.

"ஆமா" என்றாள்.

இசக்கியம்மா மாடத்தில் இருந்த செப்பை எடுத்துத் திறந்து, திருநீற்றுக்குள் புதைத்து வைத்திருந்த மூன்று பழங்களையும் எடுத்தாள். ஊதி ஊதித் துடைத்தாள்.

"தெரியாம வெட்டிட்டேம்மா. உத்தரவு வாங்காம வெட்டிட்டேன். அதான் கையக் கிழிச்சிருக்கு. சாமி எம்மேல கோவமா இருக்கா?"

"இல்லை."

"எம் பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

"ஆகாது" என்றாள் பார்கவி.

ஒன்று போதும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூன்றும் அவள் உள்ளங்கைக்கு வந்தன, அவள் விரலை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கல்லூரியில் ஒரு பழத்தை வெட்டினாள். செதில்கள் பதினெட்டு வரிசை, ஒவ்வொரு செதிலின் நடுவிலும் மெல்லிய பள்ளம். விதைப் பருப்பு ஒரே சீராக வெள்ளையாக இருந்தது. பக்கத்து மலைப் பிரம்பு எதிலும் இப்படிக் கிடையாது. லென்ஸை வைத்துவிட்டு வேதநாயகம் கையைத் தட்டினார்.

"அப்படிப் போடு! இனி எவனும் திருப்பி அனுப்ப முடியாது. மத்த ரெண்டையும் ஸ்பிரிட்ல போடும்மா."

"வேண்டாம் சார்."

"ஏன்? மாதிரி ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானே?"

"வேண்டாம்னா வேண்டாம் சார்!" என்று அவள் எரிந்து விழுந்தாள். அந்தக் கட்டடத்தில் அவரிடம் யாரும் குரல் உயர்த்தியதில்லை. அவர் சீசாவைக் கீழே வைத்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நாளில் இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. முந்தின ராத்திரி முழுக்கத் தேவேந்திரனைத் திட்டிப் பார்த்தாள், வெட்டினவர்களைத் திட்டிப் பார்த்தாள். யாரைத் திட்டினாலும் கடைசியில் அந்த 'ஆமா'வில் வந்துதான் நின்றது. படித்தவள், எதையும் கண்ணால் பார்க்காமல் எழுதாதவள், எப்படிச் சொன்னாள் அதை?

அன்று மத்தியானமே இரண்டு பழத்தையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் போகும் பாபநாசம் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சாமி ஒன்றும் சொல்லவில்லை, நான் கட்டியது ஒரு ஏமாற்று, உங்கள் பழம் இந்தாருங்கள், என்னை மன்னித்துவிடுங்கள். நாலே வாக்கியம்.

வரிசை வீட்டு வாசலில் அவளைக் கண்டதும் இசக்கியம்மா உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "ஏட்டி கலை, வா. நா சொன்னேம்லா, அவங்க வந்துருக்காங்க."

"இசக்கியம்மா, முதல்ல இதைப் பிடிங்க. எனக்கு ஒண்ணுதான் தேவைப்பட்டுது" என்று பார்கவி பொட்டலத்தை நீட்டினாள்.

"ஐயையோ, சாமி கேட்டு வாங்குனத நாங்க திருப்பி வாங்கலாமா? அதெல்லாம் வேண்டாம்மா. நீங்கதான் ஒண்ணும் ஆவாதுன்னுட்டியளே, அது போதும். ராத்திரி எம் புள்ள நல்லாத் தூங்குனா. ரெண்டு மாசத்துக்குப் பெறவு நேத்துதான் தூங்குனா."

கலைச்செல்வி வந்தாள். இருபது வயது இருக்கும், கண்ணைச் சுற்றிக் கருவளையம். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றோடு சிரமப்பட்டுக் குனிந்து, பார்கவிக்கு முன்னால் முட்டி போட்டாள். இசக்கியம்மா திருநீற்றுச் செப்பைத் திறந்து நீட்டினாள்.

"உங்க கையால பூசி விடுங்கம்மா."

மனப்பாடம் செய்துவந்த நாலு வாக்கியத்தையும் இனிச் சொல்ல முடியாது. சாமி சொல்லவில்லை என்று சொன்னால், ஒன்றும் ஆகாது என்பதும் இல்லாமல் போகும். அந்தப் பெண் கண்ணை மூடி நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு இரைத்தது.

இவ்வளவு கோபம் பார்கவிக்கு வாழ்நாளில் வந்ததில்லை. இந்தத் தடவை அது வேறு யார் மேலும் இல்லை, தன் மேலேயேதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, திருநீற்றை எடுத்து அந்த நெற்றியில் பூசினாள்.