பெல்ட்டில் போன ஊரின் ஓட்டு

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். ஓட்டு விஷயத்தில் பொய் சொல்வதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பில் கை வைப்பது நியாயமில்லை.

இரண்டாயிரத்துப் பதினாறு சட்டமன்றத் தேர்தல். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வாசல்களைக் கூட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி மாணிக்கம்மாள், வெளுத்த புடவையை நீவிக் கட்டிக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு, பள்ளிக்கூட வரிசையில் காலையிலேயே வந்து நின்றாள். ஓட்டுரிமை வந்த வயதிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டவளில்லை. காரணம் இருந்தது. வீடு மாமனார் பெயரில் இருந்தது. ரேஷன் கார்டு புருஷன் பெயரில் இருந்தது. கூட்டுகிற வேலைகூட கான்ட்ராக்டர் பெயரில்தான். இந்த உலகத்தில் அவள் பெயரில் இருந்தது ஓட்டு ஒன்றுதான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தேர்தல் அதிகாரி அறிவுச்செல்வன், திருவதிகைப் பக்கம் வாத்தியார். மரியாதையான மனிதர். பட்டியலில் விரலை மேலும் கீழும் ஓட்டினார்.

“உங்க பேரு இல்லீங்களேம்மா.”

“நல்லா பாருங்க சார். மாணிக்கம்மாள். வூட்டுக்காரர் பேரு தனகோட்டி.”

“தனகோட்டி இருக்காரு. நீங்கதான் இல்ல.”

“அவரு செத்து வருசக்கணக்கா ஆவுது சார்.”

“இதுல உயிரோடதாம்மா இருக்காரு.”

வரிசையில் அடுத்து நின்ற சந்திரா, பழைய ஊரில் பக்கத்து வீட்டுக்காரி, எட்டிப் பார்த்தாள். “எக்கா, மாமாவ இட்டுகினு வந்து போடச் சொல்லிட்டுப் போ. வெயில் ஏறிகினு இருக்குது.”

மாணிக்கம்மாள் சிரிக்கவில்லை. “செத்தவரு பேர எடுக்கல. என் பேர மட்டும் எதுக்கு சார் எடுத்தீங்க?”

“அவர் பேர எடுக்கச் சொல்லி யாரும் மனு கொடுக்கலம்மா.”

“என் பேர எடுக்கச் சொல்லி யாரு குடுத்தது?”

வாத்தியார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமலே மூடினார். “விசாரிக்கப் போனப்ப அந்த முகவரியில வீடு இல்லியாம். குடி மாறிட்டாங்கன்னு எழுதியிருக்காங்க.”

“நான் எங்க சார் மாறினேன்? நான் நின்னுகினு இருந்த எடத்ததான் மாத்திட்டாங்க.”

அதுதான் நடந்தது. வேப்பங்கொல்லை என்ற அவளுடைய ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. பட்டியலில் ஊரின் பெயர் மட்டும் மிச்சமிருந்தது. ஓட்டுச் சாவடியைத் தூக்கி இந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள்.

“பழைய முகவரிய சொன்னா அங்க பள்ளம்னு சொல்றாங்க. இப்ப இருக்கறது புறம்போக்கு ஷெட்டு, அதுக்கு நெம்பரே கெடையாதுன்றாங்க. அப்ப நான் எங்கதான் சார் இருக்கறேன்? கூட்டறதுக்கு மட்டும் ஆளு இருக்குது, ஓட்டுக்கு இல்லியா?”

“உங்க வீட்ட காட்டுங்கம்மா, இப்பவே போட விடறேன்,” என்றார் வாத்தியார். அலுப்பில் வந்த வார்த்தை. ஆனால் வரிசை மொத்தமும் கேட்டுவிட்டது.

“வாங்க, காட்றேன்.”

“எங்க?”

“மண்மேட்டுல.”

சுரங்கத்தில் கரிக்கு மேலே கிடக்கிற மண்ணை ராட்சச எந்திரம் வெட்டும். ஓடுகிற ரப்பர் பெல்ட் அதை மைல் கணக்கில் கொண்டுபோய் ஓரிடத்தில் கொட்டும். கொட்டிய மண் மலையாக நிற்கும். அந்த மலைதான் மண்மேடு.

“ஊர காலி பண்ணச் சொன்னப்ப எங்க அய்யனார் கோயில்லேர்ந்து பூசாரி ஒரு பிடி மண்ண மஞ்சத் துணியில முடிஞ்சிகினு வந்தாரு சார். இங்க ஒரு வேப்ப மரத்தடியில வச்சோம். சாமி வந்து உட்காந்துகிச்சி. நெம்பர் இருக்குதான்னு கேக்கல. ஒரு பிடி மண்ணுக்கே சாமி வரும்னா, மொத்த மண்ணும் போன எடத்துக்கு ஊரு போயிருக்காதா?”

வாத்தியாருக்கு இதை மறுக்கப் பாடப்புத்தகத்தில் எதுவும் கிடைக்கவில்லை. அதிகாரி ஓட்டு எந்திரத்தை விட்டுப் பிரியக் கூடாது என்பது விதி. ஆகவே எந்திரத்தைத் தூக்கிக்கொண்டார். எந்திரத்தைக் கண்ணை விட்டு அகலவிடக் கூடாது என்பது கட்சி ஏஜென்ட்டுகளின் விதி. அவர்கள் பின்னால் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓட்டு வரிசையும் போனது. பெல்ட் அன்றைக்கு மண் இல்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஏறி நின்றார்கள். யாரும் ஒரு அடி எடுத்து வைக்காமல், வரிசை கலையாமல், ஆண் வரிசை தனியாக, பெண் வரிசை தனியாக மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

ஊர் அங்கேதான் இருந்தது. பெல்ட் கவிழ்த்துக் கொட்டியதில் தலைகீழாக இருந்தது, அவ்வளவுதான். குழியாக இருந்த கிணறு கோபுரமாக எழுந்து நின்றது. ஏணி வைத்து ஏறித்தான் தண்ணீர் மொள்ள வேண்டும். கூரை கீழேயும் தரை மேலேயும் இருந்ததால் வீடுகள் மழைக்கு ஒழுகாமல் முன்பைவிட நன்றாயிருந்தன.

“செருப்ப கழட்டிட்டு வாங்க சார். மெழுகின தரை,” என்றாள் மாணிக்கம்மாள்.

வாத்தியார் கழற்றிவிட்டு வந்தார். கதவு நெம்பரைத் தலையைச் சாய்த்துப் படித்தார். சரியாக இருந்தது. “பக்கத்துல யாரு வீடு?”

“இதோ நிக்கிறாளே, இவ வூடுதான். இந்தச் செவுரு எங்க பக்கம் அரை அடி வந்துகினு இருக்குது பாருங்க. கீழ இருந்தப்பவும் இப்படித்தான்.”

“எக்கா, இங்க வந்துமா?” என்றாள் சந்திரா.

ஊர் மண்ணோடு சுடுகாட்டு மண்ணும் வந்திருந்தது. ஆகவே செத்தவர்கள் ஒவ்வொருவராகத் தூசி தட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்கள். தடுக்க விதி இல்லை. முதலில் நின்றவர் தனகோட்டி. பட்டியல் படத்தைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தார். ஏஜென்ட்டுகள் ஆட்சேபம் சொல்லவில்லை.

“இன்னாடி கூட்டம்?”

“எலக்சன்யா.”

“யாரு யாரு நிக்கிறாங்க?”

“நீ இருந்தப்ப நின்னவங்களோட புள்ளைங்க.”

மை வைக்க வாத்தியார் அவர் விரலைப் பிடித்தார். விரல் இருந்தது. அப்போதுதான் மாணிக்கம்மாள் பெயர் இல்லாத சேதி தனகோட்டிக்குத் தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

“நான் செத்தவன்னு எனக்கே தெரியுது சார். ஒங்களுக்குத்தான் தெரியல. இந்தா மாணிக்கம், என் ஓட்ட நீ போட்டுக்க.”

“யோவ், சும்மா இரு!” என்றாள் மாணிக்கம்மாள். “உயிரோட இருந்தப்ப எந்தச் சின்னத்துல அமுக்கணும்னு சொல்லி அனுப்புவ. இப்ப ஓட்டயே தானம் குடுக்க வந்துட்டியா? ஒன் ஓட்டு எனக்கு எதுக்கு? எனக்கு என் ஓட்டு வேணும். என் பேர்ல வேணும். செத்தாத்தான் எங்களக் கணக்குல வைப்பீங்கன்னா, அத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல சார்? காலையில தலைக்குத் தண்ணி ஊத்திகினு, ஒரு நாள் கூலிய வுட்டுட்டு வந்து எதுக்கு நின்னேன்?”

தனகோட்டி தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் போய் நின்றார். செத்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக அவர் பின்னால் போய் நின்றார்கள். உயிரோடிருப்பவள் போடாமல் நாங்கள் போட மாட்டோம் என்றார்கள். வாத்தியார் குனிந்து, மாணிக்கம்மாள் வாசலிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். பட்டியலின் அடியில் தன் கையாலேயே அவள் பெயரை எழுதினார். அவளுடைய மற்றொரு கையின் விரலில் மை வைத்தார்.

அவள் அமுக்கினாள். அந்தப் பீப் சத்தம் வடலூர் வரைக்கும் கேட்டது. பண்ருட்டியில் பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தவர்கள் அரிவாளை நிறுத்திவிட்டு என்னவென்று பார்த்தார்கள்.

அந்தத் தேர்தலின் கணக்கில், அந்தச் சாவடியில், தனகோட்டியின் ஓட்டு பதிவாகியிருக்கிறது. மாணிக்கம்மாள் ஓட்டுப் போடவில்லை.