கன்னி மூலைச் சுவர்

முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது மிதுனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது. ஏ.சி.க்குக் கீழே சுவர் ஓதமேறிச் சுண்ணாம்பு உப்பியிருந்தது. துடைக்கலாம் என்று வெறுங்காலோடு போய்க் கையை வைத்தேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை என்னவோ ஓடியது. கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தேன். அதே சுவரை ஒட்டித்தான் என் மகனின் இரும்புத் தொட்டில் நின்றது. பிறந்து மூன்று மாதம் ஆன பையன், கம்பிகளுக்குள்ளே கைகாலை உதைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

தொட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடை அது. கோயமுத்தூரில் வெயிலே கிடையாது என்று சொல்லித்தான் கோபியிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த வருஷம் பையனுக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி. டாக்டர் குளுமையாக வைத்திருக்கச் சொன்னார். கணபதியில் மோட்டார் பம்பு செய்கிற பட்டறை வைத்திருக்கும் குடும்பம். கேட்கவா வேண்டும், மறுநாளே ஏ.சி. வந்து இறங்கிவிட்டது. வந்தது சரி. அதைப் பொருத்திய லட்சணம்தான் சொல்லி மாளாது.

ஜன்னல் ஏ.சி.யை வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைப்பார்கள். உள்ளே சேர்கிற தண்ணீர் அந்தச் சாய்வில் வழிந்து வெளியே விழுந்துவிடும். எங்கள் வீட்டு ஏ.சி. அறைக்குள்ளே சாய்ந்திருந்தது. காரணம் என் மாமனார். பட்டறையில் ஒரு வருஷம் நொடித்துப்போனதிலிருந்து அவர் வாஸ்துக்காரரைக் கேட்காமல் ஒரு ஆணி அடிக்கமாட்டார். எங்கள் அறை இருந்தது கன்னி மூலையில், அதாவது வீட்டின் தென்மேற்கு மூலையில். கன்னி மூலையில் தண்ணீர் விழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது, தண்ணீர் என்றால் ஈசானியத்துக்குத்தான் போக வேண்டும் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். ஆகவே ஏ.சி.யை உள்பக்கம் சாய்த்து, அடியில் ஒரு தகரத் தட்டைக் கட்டி, தட்டிலிருந்து ஒரு டியூபை அறை, கூடம், சமையலறை எல்லாம் தாண்டி வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டியூபில் பாசி அடைத்தால் தட்டு நிரம்பும். நிரம்பினால் சுவரில் வழியும். சுவரில் ஏ.சி.யின் பிளக் இருந்தது. பிளக்குக்குக் கீழே தொட்டில் இருந்தது.

அன்று பொழுதோடு பட்டறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனேன். தம்பிதுரை பெரிய படிப்பெல்லாம் படித்தவர், மோட்டாரோடேயே பிழைக்கிறவர், அவருக்குப் புரியும் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, செவுத்துல கரண்டு அடிக்குதுங்க. தொட்டுப் பாருங்க."

அவர் முதலில் செய்த காரியம் ஏ.சி. சுவிட்சை அணைத்தது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துச் சுவரில் வைத்தார். டெஸ்டர் எரியவில்லை.

"ஒண்ணுமே இல்லியே லோகா."

"சுவிட்சப் போட்டுட்டுப் பாருங்க."

"போட்டுட்டுக் கைய வெக்கறவன் மடையன். எங்க பட்டறையில அப்பிடி வெச்சுத்தான் ஒரு பையன் போனான். சுவிட்ச அணைக்காம எதையுந் தொடக்கூடாதுன்னு எங்கப்பா அன்னைக்குப் போட்ட சட்டம்."

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் சுவிட்சை அணைத்தால் சுவரும் அடங்கிவிடுகிறதே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டேன். குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு திரியும் ரப்பர் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு அவர் சிரித்தார்.

"புள்ள பெத்த ஒடம்பு. அங்கங்க சுருக்குன்னுதான் இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் செருப்பைக் கழற்றி வெளியே வீசியிருப்பேன். பயம் வந்துவிட்டது, வீசவில்லை. ஒருவேளை என் உடம்புதானோ என்று ஒரு நிமிஷம் நானே நினைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வாழ்க்கையே அந்தத் தொட்டிலை இழுப்பதுதான். நான் நடுவுக்கு இழுப்பேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அது சுவரோடு ஒட்டி நிற்கும். என் மாமியார் நஞ்சம்மாள் வேலை அது.

"அத்தை, அங்க வெக்காதீங்க. செவுத்துல கரண்டு இருக்குது."

"தெக்க தலை வெச்சுத்தான் படுக்கோணும் கண்ணு. பச்சப் புள்ளைய நடு ஊட்டுல போட்டா ஆகாது."

"செத்த இந்தப் பக்கம் நவுத்தி வெச்சாலும் தெக்கதானுங்களே அத்தை."

"நீ போயித் தலையத் தொவட்டு. சளி புடிச்சுக்கும்."

அவ்வளவுதான். அத்தை சத்தம் போடுகிறவரல்ல. சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடலாம். கண்ணு, சாமி என்று கொஞ்சிக்கொண்டே, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் தொட்டிலைத் தள்ளிவிடுவார். நான் ஏ.சி.யை அணைப்பேன், பையன் புழுக்கத்தில் வீறிட்டு அழுவான், கட்டிகள் பழுத்துச் சிவக்கும். அத்தை வந்து போட்டுவிடுவார். ஏ.சி. உறுமுகிற சத்தம் கேட்டாலே பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பேன். கால் மரத்துப்போகும். அப்படியே கண் அசந்துவிட்டால் திடுக்கிட்டு விழித்து அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பேன்.

விடாமல் நச்சரித்து ஏ.சி. பொருத்தின மெக்கானிக்கை வரவழைத்தேன். உக்கடத்திலிருந்து அப்துல் குத்தூஸ் பாய் வந்தார். அறைக்குள் வந்து சுவரைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"அன்னைக்கே பெரியவர்கிட்டச் சொன்னேங்க, இது வேண்டாமுங்கன்னு. இப்ப பிளக்குக்குள்ள தண்ணி எறங்கியிருக்குது. வெளிப்பக்கம் சாய்ச்சு வெக்கோணும். சட்டத்தக் கழட்டிச் செவுத்தச் சித்த கொத்தோணும், அரை நாள் வேலை."

"இன்னைக்கே செஞ்சுபோடுங்க."

"பெரியவர் ஒரு வார்த்தை சொல்லோணுமுங்களே."

பெரியவர் மருமகள் அறைக்குள் வரமாட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவர் எதிரில் உட்கார்ந்ததும் கிடையாது, முகம் பார்த்துப் பேசினதும் கிடையாது. முன்னறையில் அவரிடம் குத்தூஸ் பாய் பேசுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஆபத்துங்க, கொழந்தை இருக்கிற ரூமுங்க என்று பாய் தணிந்த குரலில் எத்தனையோ சொன்னார்.

"கத்திரி வெயில் நடக்குதுங்க பாய்," என்றார் மாமனார், மரியாதையாகவே. "கத்திரியில செவுத்துல கைய வெக்கறதில்லீங்க. முடிஞ்ச மக்கா நாளு வாங்க. என்ன செய்யோணும்னு வாஸ்துக்காரரக் கேட்டு வெக்கறேன்."

குத்தூஸ் பாய் டியூபை ஊதி அடைப்பை எடுத்தார். ஈரம் காய்கிற வரைக்கும் ஏ.சி.யைப் போட வேண்டாம், சுவர்ப் பக்கம் போகவே வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். சைக்கிளில் ஏறின பிறகும் காலை ஊன்றி நின்று ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்தது வேறொருவருக்கும் தெரியும் என்று ஆனபிறகு பயம் குறையவில்லை, இரட்டிப்பாகத்தான் ஆனது. இனி இது என் உடம்பு இல்லை, சுவர்தான்.

கொஞ்ச நாள் நன்றாகவே இருந்தது. சுவர் காய்ந்தது. ஏ.சி. ஓடியது. நான்கூடக் கொஞ்சம் தூங்கினேன்.

அன்று காலை பையன் பால் குடித்து என் தோளிலேயே தூங்கிவிட்டான். தொட்டிலை அறையின் நடுவில் வைத்து, அடியில் ரப்பர் ஷீட்டும் மேலே துணியும் விரித்துப் படுக்க வைத்தேன். சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் இருந்த குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றினேன்.

தலையில் சீயக்காயோடு இருக்கும்போது ஏ.சி.யின் உறுமல் கேட்டது. பையன் அழுகிற சத்தமும் கேட்டது. அழட்டும், அத்தை இருக்கிறார் என்று இன்னொரு சொம்பு ஊற்றினேன். அழுகை சட்டென்று நின்றது.

குழந்தை அழுகையை நிறுத்துவதில் ஒரு வரிசை உண்டு. விசும்பும், கேவும், அப்புறம் அடங்கும். இது அப்படி நிற்கவில்லை.

பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டியிருந்தேன். அப்படியே ஓடினேன். அறை வாசலில் கால் வழுக்கியது. தரையெல்லாம் தண்ணீர். டியூப் மறுபடி அடைத்து, ராத்திரியே விளிம்பு வரை நிரம்பியிருந்த தட்டு வழிந்து அத்தையின் காலடி வரைக்கும் வந்திருந்தது.

அத்தை தொட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டில் சுவரோடு இடித்துக்கொண்டு நின்றது. முதலில் ஆட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆடியது தொட்டில் அல்ல, அத்தை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் என்னையே பார்த்தது. தொட்டிலுக்குள் பையன் அசையாமல் மல்லாந்து கிடந்தான்.

கையை நீட்டிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் ஒரு சாண் போயிருந்தால் நானும் அங்கேயே ஒட்டியிருப்பேன். தலையிலிருந்து ஒரு சொட்டு என் கை மேல் விழுந்தது. ஈரம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் நான் ஈரம். சுவிட்ச் இருந்தது நனைந்த சுவரில். கம்பியைத் தொடக்கூடாது, அத்தையைத் தொடக்கூடாது, சுவிட்சைத் தொடக்கூடாது. மெயின் சுவிட்ச் முன்னறையில் இருந்தது, மாமனார் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால். பிள்ளையை அங்கே அப்படியே விட்டுவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

அந்த ஓட்டத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியாது. கால் ஓடியது, உயிர் பின்னால் நின்றது.

முன்னறையில் மாமனார், வாஸ்துக்காரர், பம்பு வாங்க வந்த யாரோ இரண்டு பேர். பாவாடையும் ஈரத்தலையுமாக நான் அவர்கள் நடுவில் போய் நின்றேன். மாமனார் பதறி எழுந்தார். அந்த நேரத்திலும் அவர் செய்தது என்ன தெரியுமா? என்னைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோளைப் பிடித்துத் தள்ளினேன். தொங்கிக்கொண்டிருந்த அவர் துண்டை உருவிக் கையில் சுற்றி மெயினை இழுத்து இறக்கினேன். தலைக்கு மேல் ஃபேன் நின்றது. ஏ.சி.யின் உறுமல் அடங்கியது. உள்ளே ஏதோ பாரமாக விழுந்தது.

அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் போகவில்லை. போக முடியவில்லை. மெயின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். போய்ப் பார்க்காத வரைக்கும் பிள்ளை எனக்கு இருக்கிறான் என்று தோன்றியது. அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தது, விசும்பல். அப்புறம் கேவல். அப்புறம் வீட்டையே தூக்கிப் போகிற மாதிரி ஒரு அலறல். என் வாழ்நாளில் அதைப் போல ஒன்றைக் கேட்டதில்லை. ரப்பர் ஷீட்தான் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார்கள். அத்தை வாய் கோணி நின்றதைப் பார்த்தே பையன் மிரண்டு அடங்கியிருக்கிறான்.

அத்தையும் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் உள்ளங்கைக்கு மருந்து வைத்துக் கட்டினார்கள், இருதயத்தைப் பார்க்க ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கே குத்தூஸ் பாய் வந்து சுவரைக் கொத்தி ஏ.சி.யை வெளிப்பக்கம் சாய்த்துவிட்டாராம். கத்திரி முடிய இன்னும் நாள் இருந்தது. வாஸ்துக்காரரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். நான் தலையால் அடித்துக்கொண்டேனே, ஏன் தொட்டிலைத் தள்ளினீர்கள்? அத்தையின் கட்டிலருகே போய் நின்றதும் அதைத்தான் கேட்டேன்.

அத்தை பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் சுருக்குன்னுச்சு கண்ணு," என்றார் கடைசியில். "நீ சொல்றதுக்கு மின்னாடியே. ரண்டு மூணு தரம்."

"அப்புறம் ஏனுங்க அத்தை சொல்லலை?"

"கரண்டுன்னா எனக்கென்ன தெரியும்? அந்த ரூமுல என்னமோ இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன். சொன்னா உங்க மாமன் அந்த வாஸ்து ஆளக் கூப்புடுவாரு. அந்தாளு பையன் பொறந்த நேரஞ் செரியில்லைன்னு ஒத்தை வார்த்தை சொல்லிப்போட்டான்னா? உன்னையும் எம்பட பேரனையும் கோபிக்குத் தாட்டிப்போடுவாங்க. தெக்க தலை வெச்சுப் படுக்க வெச்சா எல்லாஞ் செரியாப் போகும்னு…"

அடுக்கிக்கொண்டு போன சண்டையெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரே அறையில், ஒரே சுவரைப் பார்த்து, நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் இழுத்ததும் பிள்ளைக்காக, அவர் தள்ளியதும் பிள்ளைக்காக. அதை நினைக்கத்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பையனை அவர் மடியில் வைக்கப் போனேன். அத்தை வெடுக்கென்று கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி, தூக்கீட்டுப் போயிரு. கையில அது இன்னும் இருக்குமோ என்னமோ. புள்ளைக்கு அடிச்சுப்போட்டா?"

"அதெல்லாம் இருக்காதுங்க அத்தை."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். இருந்தும் பையனை இந்தத் தோளுக்கு மாற்றி அவனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான், முதலில் நான் அந்தக் கையைத் தொட்டேன்.