அராபாவின் நாக்கு

தம்பிக்குப் பெயர் வைக்கும் ஞாயிற்றுக்கிழமை, வெளுக்கும் முன்பே அராபா எழுந்துவிட்டாள். கானா நாட்டுக் கடலோர ஊரான அனோமாபோவில் அன்று அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் கூட்டம். வெள்ளை உடுத்திய சொந்தக்காரர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறந்த எட்டாம் நாள் பிள்ளையை முதன்முதலாக வெளியே கொண்டுவந்து, குடும்பத்துப் பெரியவர் அதன் நாக்கில் தண்ணீரும் ஜின் என்கிற சாராயமும் தொட்டு வைப்பார். பெயர் அதற்கப்புறம்தான்.

அராபாவுக்கு ஐந்து வயது. முந்தின நாளே அவள் தன் அம்மா எக்குவாவைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பிக்குத்தான் பேசவே வராதே. எது தண்ணி, எது ஜின்னுன்னு எப்படிம்மா சொல்லுவான்?”

“இப்பச் சொல்ல வேணாம்டி. வளந்து ஆளானப்புறம் பொய் பேசக் கூடாதுன்னு வைக்கிறது.”

“அவன் நாக்குக்கு வித்தியாசம் தெரியுமா?”

“அம்மாவுக்குத் தூக்கம் வருது. போய் விளையாடு.”

அவளுக்கு விளையாட்டு ஓடவில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

காலையில் கூடத்து மேசைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் இருந்தன. இரண்டாவதை ஒட்டி ஒரு பச்சைப் புட்டி. ஆள் யாரும் இல்லை. அராபா முதல் தம்ளரில் விரலை நனைத்துச் சப்பினாள். தண்ணீர். இரண்டாவதைத் தொடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஜின் உள்ளே போனால் அப்பாவின் முகம் போகும் போக்கு அவளுக்குத் தெரியும். விரலை வாயில் வைத்தாள். ஒன்றுமே ஆகவில்லை. இன்னொரு தடவை நனைத்துச் சப்பினாள். வெறும் தண்ணீர்.

நாக்கு கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்துபோய் அடுக்களைக்கு ஓடினாள். உப்பைத் தொட்டு வைத்தாள், கரித்தது. அரைத்து வைத்திருந்த மிளகாயைத் தொட்டு வைத்தாள், கண்ணில் நீர் முட்டியது. நாக்கில் கோளாறு இல்லை. அப்படியானால்?

அதற்குள் வெளியே கூப்பிட்டார்கள். அப்பாவின் அண்ணன் ஓட்டூ பெரியப்பா பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். படகு வைத்திருப்பவர், அலைக்கு மேலே கத்திப் பழகிய குரல். தண்ணீரில் விரலைத் தோய்த்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தார்.

“தண்ணின்னா தண்ணின்னு சொல்லணும்.”

“ஆமா!” என்றது கூட்டம்.

அடுத்த தம்ளரில் விரலை விட்டார். “ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லணும்.”

“பெரியப்பா, அதுவும் தண்ணிதான்” என்றாள் அராபா.

“ஏய், வாயை மூடு” என்று அப்பா ஃபீஃபி அவள் தோளைப் பிடித்தார்.

பெரியப்பா விரலைத் தன் வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு தம்ளரையே எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

“யார் வேலை இது?”

எக்குவா எழுந்தாள். தலை குனியவில்லை. “நான்தான் மாத்தி ஊத்தினேன், மாமா. எட்டு நாள் பிள்ளை வாயில சாராயத்தை வைக்க எனக்கு மனசு வரல. சொன்னா கேக்க மாட்டீங்கன்னு சொல்லல.”

“எங்க பரம்பரையில எல்லாப் பிள்ளைக்கும் வெச்சதுதான். எவன் செத்தான்?”

பெரியப்பா அராபாவைப் பார்த்தார். “உனக்கு எப்படிடி தெரியும்?”

“தொட்டு நக்கிப் பார்த்தேன். ரெண்டு தடவை.”

பின்வரிசையில் அத்தை ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பெரியப்பா அடக்கத்தான் பார்த்தார், தோள் குலுங்கிவிட்டது. “இத்தனை பெரியவங்க சுத்தி நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டினீங்க. தண்ணியத் தண்ணின்னு சொன்னது இது ஒண்ணுதான்!” என்றவர் எக்குவாவிடம் திரும்பினார். “சரிம்மா. ஜின்னை நானே குடிச்சுக்கறேன். பிள்ளை நாக்குக்கு வேற என்ன வைக்கலாம், நீயே சொல்லு.”

எக்குவா யோசித்தாள். “எலுமிச்சம்பழம். ஒரே ஒரு சொட்டு.”

அப்பா போய்ப் பழத்தை நறுக்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா ஒரு சொட்டைத் தொட்டு வைத்தார். “புளிப்புன்னா புளிப்புன்னு சொல்லணும்.”

பிள்ளையின் நெற்றி சுருங்கியது, மூக்கு சுருங்கியது, முகம் முழுக்க ஒரு முடிச்சாகி, வீறிட்டு ஒரு கத்தல் கத்தியது.

“சொல்லிட்டான்! சொல்லிட்டான்!” என்று அராபா குதித்தாள். கூட்டம் கைதட்டியது. எக்குவா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவிலேதான் பெரியப்பா பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, “க்வேசி அன்சா” என்று அறிவித்தார். பச்சைப் புட்டி கைமாறத் தொடங்கியது.

தம்பியைத் திரும்ப அம்மாவிடம் கொடுத்ததும் அராபா ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவன் காதருகே குனிந்து, “க்வேசி அன்சா” என்று மெல்லச் சொன்னாள். அழுகை நின்றது. கருமணிகள் அவள் பக்கம் உருண்டன, பிறகு வேறெங்கோ போயின.

“அம்மா, பேர் வெச்சது அவனுக்குத் தெரியுமா?”

“தெரியலையே” என்றாள் எக்குவா. “இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரு.”