வாசலில் மிஞ்சிய செருப்பு

ஓடுவது வேறு, ஓடிப்போவது வேறு. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிற சுஷ்மாவுக்கு இந்த இலக்கணத்தைப் பற்றி அதுவரை கவலை இருந்ததில்லை. கோச்சடையில் அவளும் அஸ்வினியும் திவ்யாவும் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தபோது தெரு செய்த கேலியெல்லாம் முதல் வகை ஓட்டத்தைப் பற்றித்தான். "என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்பார் டீக்கடைக்காரர். கோலம் போடுகிற பெண்கள் மாவுக் கையோடு நிமிர்ந்து, "யம்மா, கோலத்த மிதிச்சுராம ஓடுங்க" என்பார்கள். மூவரும் சிரித்துக்கொண்டே முத்தையா கோயிலைத் தாண்டி, மேலக்கால் ரோட்டில் ஏறி, துவரிமான் கண்மாய்க்கரை வரைக்கும் போய்த் திரும்புவார்கள்.

உண்மையைச் சொன்னால் ஓடியது திவ்யா ஒருத்திதான். சுஷ்மாவுக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டது என்று டாக்டர் மிரட்டியிருந்தார். அஸ்வினி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டூட்டி முடிந்த கையோடு தூக்கக் கலக்கத்தில் வருவாள். இவர்கள் இருவரும் மூச்சு வாங்குகிற கட்சி. திவ்யா பள்ளியில் படிக்கும்போது மாவட்டப் போட்டி வரை ஓடியவள். கல்யாணமாகி நாலு வருடம் அந்தக் கால்கள் சமையற்கட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடந்ததோடு சரி. இப்போது மறுபடி ரோட்டைக் கண்டதும் கண்மாய்க்கரைக்கு முதலில் போய் நின்று, இடுப்பில் கைவைத்து, "டீச்சர், வாங்க, வாங்க, பொங்கல் வந்துரும்" என்று கத்துவாள்.

அவளை அனுப்பச் சொல்லிக் கேட்டது சுஷ்மாதான். திவ்யாவின் மாமியார் சீனியம்மாள் வெற்றிலையை மென்றபடி நெடுநேரம் யோசித்தாள். அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிற மகன் சோலை, அம்மா என்ன சொல்கிறாளோ அதுதான் என்பதுபோல் நின்றான்.

"தனியா அனுப்பமாட்டேன். ஒங்க கூடன்னா வரட்டும் டீச்சர். நீங்கதான் பொறுப்பு."

"என் பொறுப்பும்மா" என்றாள் சுஷ்மா. சொல்வதற்கு எவ்வளவு சுலபமான வார்த்தை!

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஷூ மாட்டிக்கொண்டு வாசற்படி தாண்டக் கூடாது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். அதனால் திவ்யாவின் ஷூ சுஷ்மா வீட்டுப் போர்ட்டிகோவில், செருப்பு வைக்கிற ரேக்கின் கீழ்த்தட்டில் குடியிருந்தது. செருப்பில் வருவாள், ஷூவுக்கு மாறுவாள், ஓடிவிட்டு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நல்ல மருமகளாக வீடு திரும்புவாள்.

அரையாண்டு லீவு விட்டது. லீவென்றால் ஆசிரியைக்கு ஓய்வென்று யார் சொன்னது? கணவர் ஹரிநாராயணனின் அக்கா குடும்பமும் சித்தப்பா குடும்பமும் சென்னையிலிருந்து வந்து இறங்கின. வீடு சத்திரமாயிற்று. வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், தோசைக்கரண்டியும் கையுமாக நின்றபடியே சுஷ்மா செய்தி அனுப்பினாள்: "நாளைக்குக் கோயிலுக்குப் போறோம். நான் வரலை. அஸ்வினிக்கும் டூட்டி. நீயும் ரெஸ்ட் எடு." திவ்யா, "சரி டீச்சர்" என்று பதில் போட்டாள்.

மறுநாள் விடியுமுன்பே எல்லாரும் வேனில் ஏறினார்கள். கூட்டத்தில் செருப்புக்கு யார் காவல் நிற்பது என்று வெறுங்காலோடுதான் போனார்கள். சொர்க்கவாசல் திறந்து, நெரிசலில் நசுங்கி, "கோவிந்தா" சொல்லி வெளியே வந்து மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்தபோதுதான் சுஷ்மா போனைப் பார்த்தாள். சீனியம்மாள் பலமுறை கூப்பிட்டிருந்தாள். திரும்ப அழைத்தாள்.

"என்ன டீச்சர், வெயிலு ஏறிருச்சு, இன்னுமா ஓடுறீக? அவளக் கொஞ்சம் அனுப்பிவிடுங்க. சோலை கெளம்பணும், சோறு வைக்க ஆளில்ல."

"நான் இன்னிக்கு ஓட வரலையேம்மா. கோயில்ல இருக்கேன்."



"ஒங்க கூடத்தான் ஓடப் போறேன்னு சொல்லிட்டுப் போனா."

"இல்லம்மா, நாங்க யாருமே இன்னிக்கு…"

போன் துண்டிக்கப்பட்டது. சுஷ்மா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. ஆனால் அந்த நிமிடம் அந்த வீட்டில் 'ஓடப் போனாள்' என்பது 'ஓடிப்போனாள்' என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் சுஷ்மா அங்கே போனபோது தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். திவ்யா வீட்டிலேயே விட்டுப்போயிருந்த போன் சோலையின் கையில் இருந்தது. சுஷ்மா அனுப்பிய செய்தியையும் 'சரி டீச்சர்' என்ற பதிலையும் அவன் காட்டினான்.

"நீங்க வரலைன்னு தெரிஞ்சேதான் ஒங்க பேரச் சொல்லிட்டுப் போயிருக்கா டீச்சர். இதப் பாருங்க."

அவளுடைய பழைய விளையாட்டு வாத்தியார் முத்துக்குமரன் என்பவர் அனுப்பியது: 'மறுபடி ஓடுறது சந்தோஷம். விடாம ஓடும்மா. சார் இருக்கேன்.'

"ஓடு, நான் இருக்கேன்னு எழுதியிருக்கான். அந்தாளு போனும் காலையில இருந்து எடுக்கல" என்றான் சோலை. அவன் குரல் உடைந்திருந்தது. கெட்டவன் இல்லை, அதுதான் கொடுமை.

"நகையெல்லாம் இருக்கா?" என்று சுஷ்மா கேட்டாள்.

"பீரோல அப்படியே இருக்கு" என்றாள் சீனியம்மாள். "கேஸு வந்துரக் கூடாதுன்னு வச்சுட்டுப் போயிருக்கா, கெட்டிக்காரி. வயித்துல ஒரு புள்ளையிருந்தா காலு நின்டுருக்கும்."

நகையை எடுத்துப் போயிருந்தால் திருடி, வைத்துவிட்டுப் போனால் கெட்டிக்காரி. எப்படிப் புரட்டினாலும் ஒரே விடை வருகிற கணக்கு. கணக்கு டீச்சர் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் அவளும் நம்பிவிட்டாள். 'என் பெயரை அல்லவா முட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்' என்று அவளுக்குள் ஒரு கோபம் சுருசுருவென்று ஏறிக்கொண்டிருந்தது. போலீசுக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்றார்கள். கேட்பவர்களிடம் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வதாக முடிவாயிற்று. அவள் தினமும் ஓடுகிற ரோட்டில் ஒருதடவை போய்ப் பார்க்கலாமே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுஷ்மாவுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஹரியிடம் சொன்னாள். "நமக்கெதுக்கு சுஷ்மா? அவா வீட்டு விஷயம். நாளைக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆனா உன்னைத்தான் சொல்லுவா" என்றார் ஹரி. சுஷ்மா அன்று ராத்திரி விருந்தாளிகளுக்காக உருளைக்கிழங்கு உரித்தாள்.

மறுநாள் மத்தியானம் அஸ்வினி போன் செய்தாள்.

"அக்கா, வில்லாபுரத்துல திவ்யா அப்பா தலைமுழுகிட்டாராம். சோலை போய்ச் சண்ட போட்டிருக்கான். அவரு முத்தத்துல நின்டு கொடத்துத் தண்ணிய அப்படியே தலையில கவுத்துக்கிட்டு, எனக்கு மக செத்துட்டான்னு சொல்லிட்டாராம்."

"நீ என்ன நினைக்கறே அஸ்வினி?"

"அவ அப்படிப்பட்டவ இல்லக்கா" என்றாள். "ஆனா யாரு கண்டா?"

யார் கண்டார்கள் என்பதுதான் பிரச்சினையே. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அன்று பொழுது சாய்கையில் முத்துக்குமரன் போனை எடுத்துவிட்டார். மாலை போட்டு, ஒரு பஸ் நிறைய சாமிகளோடு சபரிமலை போயிருந்தவர்; பம்பையில் நின்று பேசினார். பின்னால் சரண கோஷம் கேட்டது. திவ்யாவைக் காணோம் என்றதும் மனிதர் அழுதுவிட்டாராம். அதற்காகவாவது தீர்ப்பு மாறியதா? "அப்ப வேற எவனோ" என்றாளாம் சீனியம்மாள்.

அதற்கடுத்த நாள் காலையில் விருந்தாளிகள் புறப்பட்டார்கள். பெட்டிகளும் முறுக்கு டப்பாக்களும் வேனில் ஏறின. ஒவ்வொருவராகத் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்க, வாசற்குவியல் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு ஜோடி மிஞ்சியது.

"அம்மாவோடதா பாரு மதுவந்தி, மறந்துட்டாளோ என்னமோ" என்றாள் சுஷ்மா.

ஹரியின் அக்கா மகள் வேன் படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "இது எங்களோடது இல்ல மாமி."

நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது வார் பிய்ந்த இடத்தில் ஊக்குக் குத்தியிருந்தது. 'புதுசு வாங்கேன்டி' என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள்! சுஷ்மா மெல்ல ரேக்கின் கீழ்த்தட்டைப் பார்த்தாள். ஷூ இல்லை.

ஏகாதசியன்று இருட்டோடு இந்த வாசலுக்கு வந்திருக்கிறாள். வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. ஊரார் செருப்புகளோடு தன்னுடையதையும் கழற்றி ஒதுக்கிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, ஓடத்தான் போயிருக்கிறாள். திரும்பி வந்து இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவதாக இருந்திருக்கிறாள். ஒருநாள் ஓட்டத்தை விட மனசு வராமல் சொன்ன ஒரு சின்னப் பொய். அவ்வளவுதான்.

வேன் திரும்புமுன்னே சுஷ்மா தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஹரி பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை. புடவையைத் தூக்கிச் செருகியபடி, அஸ்வினிக்குப் போன் போட்டுக்கொண்டே ஓடினாள். "என்னக்கா, இன்னைக்கும் பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்றார் டீக்கடைக்காரர், வழக்கம்போல.

மேலக்கால் ரோட்டில் அஸ்வினி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்துகொண்டாள். இருவரும் ஓரத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகப் போனார்கள். இருபக்கமும் பொங்கலுக்குக் காத்திருந்த கரும்பு. கண்மாய்க்கரை திருப்பத்தில் ரோட்டோரக் கல் ஒன்று புதிதாகச் சாய்ந்திருந்தது. அதன் கீழே சரிவில் சீமைக்கருவேலங் காடு. ரோட்டில் போகிறவர்களுக்கு அதன் தலைதான் தெரியும், தரை தெரியாது. அஸ்வினிதான் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

திவ்யா ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு ஷூ காலில் இருந்தது. மற்றது தள்ளி, சரிவின் அடியில் கிடந்தது. அங்கிருந்து அவள் கிடந்த இடம் வரைக்கும் புல் மேல்நோக்கி மடங்கியிருந்தது. கைநகம் முழுக்க மண். முறிந்த காலுக்கு மேலே துப்பட்டாவை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

அஸ்வினி பக்கத்தில் உட்கார்ந்து அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவைப் பார்த்தவள், அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா… இவ அன்னைக்கே சாகல."

"என்ன சொல்றே?"

"வண்டி இடிச்சதும் போயிருந்தா இத யாரு கட்டுனது? கை கால இழுத்துக்கிட்டு மேல ஏறப் பாத்திருக்கா. ஒரு நாளாவது உசுரோட இருந்திருக்கா அக்கா. கத்தியிருப்பா."

பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்த டாக்டரும் ஏறத்தாழ அதையே சொன்னார். முந்தின நாள் பகல் வரைக்கும் உயிர் இருந்திருக்கலாம். வில்லாபுரத்தில் அப்பா மகள் செத்துவிட்டாள் என்று குடத்தைக் கவிழ்த்தபோது மகள் சாகவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். சுஷ்மா உருளைக்கிழங்கு உரித்தபோதும் கிடந்திருக்கிறாள். இடித்த வண்டி எதுவென்று இன்றுவரை தெரியாது. தெரிந்து என்ன? வண்டி அவளைத் தள்ளிவிட்டுத்தான் போயிற்று. சாகவிட்டது வண்டியில்லை.

உடலைக் கொண்டுவந்து இறக்கியபோது தெரு கொள்ளாத கூட்டம். வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. திவ்யாவின் அப்பா சுருளி எவர் முகத்தையும் பார்க்காமல் சுவரோரம் குத்தவைத்திருந்தார். இன்றைக்கு அவர் மறுபடி தலைமுழுக வேண்டும். சோலை அவளைக் கிடத்தியிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிடி, எந்திரிடி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

சீனியம்மாள் மார்பில் அடித்து அழுதாள். பொய்யழுகை இல்லை, வயிற்றிலிருந்து வந்த அழுகைதான். ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது. காணாமல் போன பொருள் கிடைத்துவிட்டதுபோல் ஒரு நிம்மதி. சுஷ்மாவுக்கு அது கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சீனியம்மாள் சுஷ்மாவின் கையைப் பிடித்தாள். தெருவின் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. படிச்சவுக நீங்க சொன்னா நம்புவாக. எம்மருமக எவங்கூடயும் ஓடிப்போகலைல்ல? சத்தமாச் சொல்லுங்க தாயி. உத்தமி! என் வீட்டு மானத்தக் காப்பாத்திட்டுப் போயிட்டாளே!"

அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொன்ன அதே வாயைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எல்லார் மேலும் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது; முதலில் தன்மேல்.

"ஓடத்தான் போனா" என்றாள் சுஷ்மா.

"கேட்டீகளா! ஓடத்தான் போனாளாம்!" என்று சீனியம்மாள் கைகளை உயர்த்திக் கூவினாள். கூடியிருந்த பெண்கள் "உத்தமிடி" என்று சொல்லிக்கொண்டு, இப்போது தயக்கமில்லாமல், திவ்யாவுக்கு மாலை போட வந்தார்கள்.